மூன்றாவது சரணம்

காலை ஒன்பதரை மணிக்கு ஜெனிலாவின் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் முதல் தடவையாக நின்றது. விஜிலா முதல் சரணத்தை முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு அப்படியே உறைந்துபோனது.

விஜிலாவுக்கு இருந்தது அந்த ஒரு காலைதான். உணவுக்குழாய் தொடங்குகிற இடத்தில் கட்டி. குரல்வளையையும் சேர்த்துத்தான் எடுக்கவேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். மதியம் இரண்டு மணிக்குக் கார் வரும். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மறுநாள் ஆபரேஷன். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து சத்தம் வராது.

ஆலந்தலைக் கோயில் பாடகர் குழுவில் பதினாறு வருடம் முதல் குரல் அவளுடையது. மகனை இழந்து கலங்கி நிற்கும் வியாகுல மாதாவைப் பற்றி அவளே எழுதி மெட்டமைத்த பாட்டு ஒன்று உண்டு. தவக்காலத்தில் அவள் அதைப் பாடும்போது பெண்கள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார்கள். மூன்று சரணம். கடைசிச் சரணத்தில் தாய் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அந்தப் பாட்டை ஒழுங்காகப் பதிவுசெய்து வைக்கவேண்டும் என்றுதான் தூத்துக்குடியில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த ஜெனிலாவின் மாடி ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாள்.

உண்மையில் பத்து நாள் முன்பே வந்தாள். ஜெனிலாதான் திருப்பி அனுப்பினாள். வயலின்கள் இன்னும் முடியவில்லை, குழலைச் சேர்க்கவேண்டும், ஒரே ஒரு தடவை செய்யப்போகிற வேலை, குறை இருக்கக்கூடாது என்றாள். ஆசையோடுதான் சொன்னாள். அந்தப் பத்து நாளில், வாத்தியத்துக்கு ஒன்றாக, பாட்டில் நாற்பது டிராக் சேர்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் திணறியதையும் கவனித்தாள். பாட்டு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ரீஸ்டார்ட் செய்ததும் நன்றாக ஓடியது. விஜிலா இரண்டாவது சரணத்தைத் தொடங்கினாள். பத்து நிமிடத்தில் மறுபடி மந்தமானது. பதிவைக் கேட்டால் குரலுக்கு நடுவே எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் சத்தம். ஜெனிலா செட்டிங்கை மாற்றினாள். பொரிகிற சத்தம் குறைந்தது. ஆனால் ஹெட்போனில் விஜிலாவின் குரல் அவளுக்கே தாமதமாக வந்து விழ ஆரம்பித்தது. தன் குரலே தன்னைத் துரத்தினால் யாரால் பாடமுடியும்? வயலின்களையெல்லாம் அணைத்தாள். வைரஸ் ஸ்கேனை நிறுத்தினாள். மூன்றாவது சரணம் பாதியில், மகனைக் கூப்பிடப்போகிற இடத்தில், கம்ப்யூட்டர் தானாகவே அணைந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த விஜிலாவின் கணவர் ரோச் எழுந்து வந்து கதவருகே நின்றார். தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர். அதிகம் பேசமாட்டார்.

“காலையில ஒரு மணி நேரந்தாம்மா அவளுக்கு. அதுக்கு மேல தொண்ட கட்டிரும்” என்றார்.

ஜெனிலா, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் மாரிராஜுக்கு போன் செய்து, நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள்.

“ரீஸ்டார்ட் பண்ணுனா பத்து நிமிசம் நல்லா ஓடுதுன்னு சொல்லுதே. அப்போ சாப்ட்வேர் இல்ல, சூடு. பெட்டி மேல கைய வச்சுப் பாரு.”

வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள்.

மாரிராஜ் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் ஜெனிலா தலையைக் குனிந்துகொண்டாள். சூட்டை வெளியேற்றும் தகடுகளின் இடுக்குகளில் சாம்பல்நிறப் படலம் கம்பளிபோல் ஒட்டியிருந்தது. கடல்காற்றின் ஈரமும் உப்பும் தூசியும் சேர்ந்து இறுகிக் கிடந்தன. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. காற்று நுழைய வழியில்லை. சூடு தாங்காமல் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது, முடியாதபோது அணைந்துவிடுகிறது என்று மாரிராஜ் விளக்கினான். கடைசியாக எப்போது திறந்து சுத்தம் செய்தாய் என்று கேட்டான். அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

அவன் தகட்டைக் கழற்றி பிரஷ்ஷால் தேய்த்தான். ஸ்பிரிட்டில் துடைத்தான். பிராசசர் மேல் காய்ந்துபோயிருந்த, சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாக வைத்தான். ஒரு ஸ்க்ரூ துருவேறி இறுகியிருந்தது. அதற்கே இருபது நிமிடம். விஜிலா நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வெந்நீரைச் சிறுசிறு மிடறாக விழுங்கினாள். ஒவ்வொரு மிடறுக்கும் அவள் புருவம் சுருங்கியதை ஜெனிலா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு மணிக்கு கம்ப்யூட்டர் எழுந்தது. சத்தமே இல்லை. நாற்பது டிராக்கும் தண்ணீர்போல் ஓடின.

விஜிலா மைக் முன்னால் போய் நின்றாள். முதல் வரியிலேயே குரல் கீறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக மூன்றாவது சரணத்துக்குப் போனாள். மகனைக் கூப்பிடும் இடத்தில் வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது. இன்னொரு தடவை முயன்றாள். இன்னொரு தடவை. பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் மெதுவாக வைத்தாள்.

“போதும் ஜெனி. இனி வராது” என்றாள். பாதி கிசுகிசுப்பாகத்தான் கேட்டது.

ஜெனிலா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். விஜிலா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். கீழே கார் ஹாரன் அடித்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ரோச் போனில் சொன்னார். அன்றிலிருந்து ஜெனிலா வேறு வேலை எதையும் தொடவில்லை. காலையில் பதிவான துண்டுகளை எடுத்து, பொரிகிற சத்தங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து நீக்கினாள். இரண்டு சரணம் சேர்ந்தது. மூன்றாவது பாதிதான் இருந்தது. மீதியை விஜிலாவின் குரலிலேயே கம்ப்யூட்டரைப் பாடவைக்க முடியும் என்றான் மாரிராஜ். மறுக்கத் தெம்பில்லாமல் சரி என்றாள். அவன் செய்துகொடுத்தது அச்சு அசல் விஜிலாவின் குரல்போலவே இருந்தது. ஜெனிலா அதைச் சேர்த்து வைத்தாள்.

ஆறு வாரம் கழித்து விஜிலா வந்தாள். கழுத்தில் துளை, அதன்மேல் மெல்லிய வெள்ளைத் துணி. ரோச் கூடவே இருந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்மூடிக் கேட்டாள். மூன்றாவது சரணத்தின் பாதியில் கண்ணைத் திறந்தாள். போனில் தட்டி நீட்டினாள்: ‘இது நான் பாடலியே.’

ஜெனிலா மறைக்கவில்லை. “இல்லக்கா. அந்த எடத்துலதான் மிஷின் அணைஞ்சிட்டு. மொத தடவ நீங்க வந்தப்பவே பாட விட்டிருந்தா முழுசும் இருந்திருக்கும். நாந்தான் கெடுத்துட்டேன்.”

விஜிலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. ஜெனிலா அதைத் தாங்கிக்கொண்டு நின்றாள். பிறகு விஜிலா குனிந்து மறுபடி தட்டினாள்: ‘அத எடுத்துரு. நான் நின்ன எடத்துலயே பாட்டும் நிக்கட்டும். இந்த வயலினும் வேண்டாம்.’

ஜெனிலா ஒவ்வொரு டிராக்காக அழித்தாள். கடைசியில் குரல் மட்டும் மிஞ்சியது. அதை ஸ்பீக்கரில் போட்டாள். அதுவரை சுவரைப் பார்த்து நின்றிருந்த ரோச் திரும்பினார். குரல் நின்றதும் அவர் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை போடும்படி கையால் காட்டினார்.