கிழக்கு கேலரியின் குரல்

கிட்ட வாங்க, கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவரும் உள்ளே வந்து உட்காருங்கள். கையில் வேலை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டே வாருங்கள், எனக்குக் காது மட்டும் போதும். ஒரு கால்பந்து கிளப்பின் கதை சொல்லப்போகிறேன். பந்து அதில் கொஞ்சம்தான் உருளும், பயப்பட வேண்டாம். சிரிக்கிற இடமும் உண்டு. ஆனால் முடிவு இனிக்கும் என்று பொய் சொல்லி உங்களைக் கூப்பிட மாட்டேன்.

அந்தக் கிளப்பின் மைதானத்தில், கிழக்கு கேலரிக்கு அடியில், துணி துவைக்கும் அறை ஒன்று இருந்தது. இரண்டு பெரிய மெஷின், சுவர் நீளத்துக்குக் கொடி, சேறு பிடித்த ஜெர்சிகளின் புளித்த வாடை. அந்த அறையின் மகாராணியைத் துணியக்கா என்றுதான் ஆட்டக்காரர்கள் கூப்பிடுவார்கள். ஓடாமல் நின்றே பொழுதைப் போக்கியவன் வந்தால், “உன் டவுசரைத் துவைக்கவே வேணாம் தம்பி, மடிச்சு வச்சாப் போதும்” என்பாள். அவன் முகம் போகிற போக்கைப் பார்த்து மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அவள் புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் சங்கு. ஆலைச் சங்கு மாதிரித் தொண்டை. ஆட்டம் தொடங்கும் முன்னால் கிழக்கு கேலரியின் நடுவில் எழுந்து நின்று, இடுப்பில் கை ஊன்றி, “இது யாரு வீடு?” என்று ஓர் இழுப்பு இழுப்பார். கேலரி மொத்தமும் “நம்ம வீடு!” என்று அதிரும். எதிரணிக்காரன் ஷூ கயிற்றைத் தப்பாகக் கட்டிக்கொள்வான் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், வீட்டில் அந்த மனிதர் பூனை. தண்ணீர் வேண்டுமென்றால் வாய் திறக்காமல் டம்ளரைக் காட்டுவார். “என்ன, தொண்டையை லாக்கர்ல வச்சுப் பூட்டியாச்சா?” என்று இவள் சீண்டுவாள். “ஞாயித்துக்கிழமைக்கு வேணும்ல” என்று முணுமுணுப்பார்.

பிறகு அப்போதைய நிர்வாகம் கேலரி முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டது. யாரும் நிற்கக்கூடாது, உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. சங்கு எழுந்து நின்றார். உட்காருங்கள் என்றார்கள். “வயிறு மடிஞ்சா குரல் எப்படிப்பா வரும்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதானே? காவலாளிகள் இரு பக்கமும் பிடித்து, ஒரு செருப்பு படியிலேயே கிடக்க, வெளியே கொண்டுபோய் விட்டார்கள். இனி ஆயுளுக்கும் உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது என்று தடையும் போட்டார்கள்.

அதன் பிறகு ஆட்ட நாட்களில் மைதானத்து மதிலை ஒட்டிய பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து உள்ளே எழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பஸ் வரும், போகும். ஏற மாட்டார். அப்படி அவர் ஏறாமல் விட்ட பஸ்களில் சில, அவர் மகளே ஓட்டியவை. கதவைத் திறந்து வைத்து அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். அப்பாவை வெளியே தள்ளிய அன்று முதலில் கேலரியை விட்டு எழுந்தவள் அந்த மகள்தான். அவள் பின்னால் கிழக்கு கேலரியே எழுந்து போனது, பிறகு திரும்பவே இல்லை. தாய்க்கு அது முடியவில்லை. அடுப்பு எரிய வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு துவைக்கும் வேலையில் ஒட்டிக்கொண்டாள். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிச் சங்கு போய்ச் சேர்ந்தார். கிளப்பிலிருந்து ஓர் ஈ, காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் அவர் படம் இருந்தது. குரல் இல்லை. வாயே திறக்காத மனிதரின் குரலை யார் பிடித்து வைப்பார்கள்?

கிளப் தேய்ந்து கட்டெறும்பாகி, மைதானமே பேங்க்கில் அடகுக்குப் போனபோது புது மேலாளர் ஒருவர் வந்தார். கெட்டவர் இல்லை, பாவம். சுவருக்கெல்லாம் வண்ணம் அடித்தார். ரசிகர்களே நம் குடும்பம் என்று பெரிய பேனர் கட்டினார். ஆட்டக்காரர்களைத் தெருத்தெருவாக அனுப்பிக் கைகுலுக்க வைத்தார். மக்கள் கைகுலுக்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், மைதானத்துக்கு மட்டும் வரவில்லை. காலி நாற்காலிகளின் மௌனம் ஆட்டக்காரர்களைத் தின்றது. கடைசியில் அவர் மைக் செட்காரரிடம், “பழைய சத்தம் ஏதாவது இருந்தாப் போடுங்களேன்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துணியக்கா மெஷினில் காலுறைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே கேட்டது.

“இது யாரு வீடு?”

கையிலிருந்த சோப்புத்தூள் தரையெல்லாம் கொட்டியது. படியேறி ஓடினாள். கேலரியில் ஓர் ஆள்கூட இல்லை. வெறும் நாற்காலிகள், அவற்றின் மேல் தூசி, அந்தத் தூசிக்கு மேல் அவர் குரல். ஒலிபெருக்கிக்குள்ளிருந்தே ஆயிரம் பேர் “நம்ம வீடு!” என்றார்கள். அவளுடைய உதடும் அசைந்தது.

“யாருன்னு தெரியலக்கா, பழைய பதிவு ஒண்ணு கிடந்துச்சு. நல்லாக் கத்துறாரில்ல?” என்றார் மைக் செட்காரர்.

“ஆமாங்க. நல்லாத்தான் கத்துவாரு” என்றாள். சொல்லிவிட்டு, குரல் அடங்கும்வரை ஒலிபெருக்கிக்கு அடியிலேயே நின்றாள். அது யார் குரல் என்று மைக் செட்காரருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த ஆட்டத்திலிருந்து ஓர் ஒலிபெருக்கியைத் துவைக்கும் அறை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார்.

அதிலிருந்து அவளுக்கு வாரம் என்பதே அந்த ஒரு நாள்தான். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் மெஷினை நிறுத்துவாள், தலையை வாரிக்கொள்வாள், ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போடுவாள். போனில் பிடித்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அவளுக்கும் தோன்றியது. எங்கே போய்விடப் போகிறது என்று விட்டுவிட்டாள். மனிதர் உயிரோடு இருக்கும்போதும் நாம் அப்படித்தானே விட்டுவிடுகிறோம்.

சந்தோஷம் வயிற்றில் தங்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மகளிடம் சொல்லிவிட்டாள். மகள் கை தட்டிலேயே நின்றது.

“அம்மா, அப்பாவை வெளிய தள்ளிட்டு, அவரு குரலை மட்டும் உள்ள வச்சுக்கிட்டாங்களா?”

“குரலாவது உள்ள இருக்கேடி.”

“காலி நாற்காலியைப் பாத்து அவரு கத்திக்கிட்டே இருக்கணுமா? செத்தும் அந்த மனுஷனுக்கு ஓய்வு கிடையாதா? நீயும் கீழ உக்காந்து ரசிக்கிறியா?”

“நான் எங்கடி ரசிச்சேன். கேட்டேன்” என்றாள் தாய். மகள் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து கையைக் கழுவினாள்.

மறுநாள் மகள் தாயையும் இழுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். கிழக்கு கேலரியின் ஆட்களெல்லாம் அவள் பேச்சைத்தான் கேட்பார்கள் என்று மேலாளருக்குத் தெரியும். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

“அந்தப் பதிவை நிறுத்தினா வருவீங்களாம்மா?”

“நிறுத்தினாப் பத்தாது சார். அது இருக்கவே கூடாது. அப்பாவுக்குப் போட்ட தடையை எடுத்துட்டோம்னு எல்லார் முன்னாடியும் மைக்ல சொல்லணும். சொல்லுங்க, நான் வரேன். நான் வந்தா எல்லாரும் வருவாங்க.”

“இவ்வளவுதானா? இப்பவே செய்யறேன்!” அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே போனில் மைக் செட்காரரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னார். பிறகுதான் நினைவு வந்தவராய்த் திரும்பி, “அக்கா, உங்களுக்குச் சரிதானே?” என்றார்.

துணியக்கா மகளைப் பார்த்தாள். புருஷனுடைய அதே தாடை, அதே பிடிவாதம். அந்தத் தடை நீங்க வேண்டும் என்று இவளே எத்தனை நாள் சோப்புத் தண்ணீரில் அழுதிருக்கிறாள். மகள் கேட்பதில் ஒரு பிழை உண்டா? வேண்டாம் என்று சொன்னால் இவள் யார் பக்கம் என்றாகும்?

“அவ சொல்றதுதான் சரிங்க” என்றாள்.

சொல்லிவிட்டு முட்டி வலியையும் மறந்து மைக் செட் அறைக்கு ஏறினாள். “தம்பி, ஒரே ஒரு தடவை...”

அவர் பேயறைந்தவர் மாதிரி நின்றார். “அழிச்சிட்டேன்க்கா. நீங்களும் அங்கதான் இருக்கீங்கன்னு சார் சொன்னாரு. நீங்களே கேட்டதாத்தான் நினைச்சேன்.”

அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு இறங்கிப் போனாள். மெஷினில் ஜெர்சிகள் ஊறிக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை கிழக்கு கேலரி பாதிக்கு மேல் நிரம்பியது. மேலாளர் கண் கலங்கிவிட்டார். சங்குக்குப் போட்ட தடை நீக்கப்பட்டது என்று மைக்கில் அறிவித்தார்கள். சிலர் கை தட்டினார்கள். நாற்காலிகள் இருந்தன, அதனால் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிறகு கிளப் கூட்டி வந்திருந்த மேடைப் பாடகர் ஒருவர் பளபளக்கும் சட்டையில் முன்னால் வந்து, மைக்கைப் பிடித்து, “இது யாரு வீடு?” என்றார்.

யாரும் வாய் திறக்கவில்லை.

“சத்தமா! இது யாரு வீடு?”

“பேங்க்கோடது!” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கேலரி கொல்லென்று சிரித்தது. அன்று முழுக்க அங்கே எழுந்த ஒரே சத்தம் அந்தச் சிரிப்புதான்.

எல்லார் கண்ணும் மகள் பக்கம் திரும்பியது. அவள் எழுந்தாள். இடுப்பில் கை ஊன்றினாள். “இது...” என்றாள். குரல் உடைந்து நின்றது. மறுபடி மூச்சை இழுத்தாள். வரவில்லை. மெல்ல உட்கார்ந்தாள். கீழே ஜன்னலோரம் ஸ்டூலில் இருந்த தாய்க்கு அந்த ஒற்றைச் சொல் மட்டும் கேட்டது.

கிளப் தோற்றது. ஆட்டம் முடியும் முன்பே கூட்டம் கரைந்தது. போகிறபோது ஒருவர் மகளின் தோளைத் தட்டி, “நீ கூப்பிட்டேன்னுதான்மா வந்தோம். இனிமே... தப்பா எடுத்துக்காத” என்றார்.

மகள் துவைக்கும் அறைக்கு வந்தாள். தாய் காலுறைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பா எப்படிம்மா ஆரம்பிப்பாரு? ‘இது’வை இழுப்பாரா, ‘யாரு’வை இழுப்பாரா? நின்னுட்டேன், எனக்கு ஞாபகமே வரல.”

“இதுகூடத் தெரியாதா? இந்தா பாரு...” என்று தாய் நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். போன வாரம்தான் கேட்டது. அதற்கு முன்னால் எத்தனை வருஷம் கேட்டது. உள்ளே தேடினாள். மெஷின் சுற்றுகிற சத்தம்தான் இருந்தது. கை நீட்டி மெஷினை நிறுத்தினாள். அப்போது அதுவும் இல்லை.

மகள் காத்திருந்தாள். தாய் வாயை மூடிக்கொண்டு அடுத்த காலுறையை எடுத்தாள். சற்றுப் பொறுத்து மகளும் தரையில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துத் திருப்பினாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டில் பேசாத மனிதர் இருந்தால் அவர் வாய் திறக்கட்டும், கத்துகிற மனிதர் இருந்தால் அவர் தொண்டை வற்றாமல் இருக்கட்டும். உங்கள் வாசலில் நின்று கூப்பிடுகிறவருக்கு உள்ளேயிருந்து பதில் சொல்ல எப்போதும் ஆள் இருக்கட்டும். நல்லா இருங்க எல்லாரும்.