பட்டியலில் இரண்டாம் பெயர்

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்து அறையில் அவளுக்கு வேலை. பதினாறு வருஷமாக அதே மேசை, அதே ஜன்னல். மாற்றுக் கல்லீரலுக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியல் அவள் பொறுப்பு. நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் அவளை லிஸ்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான். "லிஸ்டக்கா, இன்னிக்கு நாங்க எங்க நிக்கிறோம்?" என்று கதவுக்குள் தலையை நீட்டுவார்கள். "டாக்டர் சொல்லுவாருங்க, போய் உட்காருங்க" என்பாள். அவள் முகத்தைப் பார்த்தே எதையாவது கண்டுபிடித்துவிடலாம் என்று அவர்களுக்கு ஒரு நப்பாசை.

அந்தப் பட்டியலுக்கு ஒரு விசித்திரமான நியாயம் உண்டு. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற பேச்சே கிடையாது. யாருக்கு உடம்பு அதிகம் கெட்டிருக்கிறதோ அவர் மேலே. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் மூன்று நான்கு எண்களை அவள் கணினியில் ஏற்றுவாள். அது கணக்குப் பார்த்து ஆளாளுக்கு இத்தனை புள்ளி என்று போடும்; புள்ளி ஏற ஏறப் பெயரும் மேலே ஏறும். அதனால் சீட்டு மோசமாக வந்த நாளில் வீட்டார் முகம் தெளிவதையும், கொஞ்சம் தேறி வந்த நாளில் இடிந்துபோய் உட்காருவதையும் அவள் பார்த்துப் பழகியிருந்தாள்.

அந்தப் பட்டியலில் ஒரு நாள் தன் தம்பியின் பெயரை அவளே ஏற்ற வேண்டிவந்தது.

அப்பா போய்ச்சேர்ந்தபோது தம்பி பத்து மாதக் குழந்தை. அவளுக்குப் பதின்மூன்று வயது. அம்மா தையல் ஆலைக்கு வேலைக்குப் போக, அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரிந்தவள் அவள்தான். அவன் வாயில் முதலில் வந்த சொல்லே 'க்கா'. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "இவன் தலையெடுக்கட்டும்" என்று தட்டிக்கழித்தாள். அவன் தலையெடுத்தபோது கேட்டு வர ஆள் இல்லை. அவன் வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கிறவன் ஆனான். ஓர் ஓடு மயிரிழை ஏறி நின்றாலும் பெயர்த்துவிட்டு மறுபடி பதிப்பான். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. அவன் உடம்பே அவன் ஈரலைத் தின்கிற ஏதோ ஒரு நோய், காரணம் தெரியாது என்றார்கள் டாக்டர்கள். "குடிச்சிருப்பான், வேற என்ன?" என்றது தெரு. அந்தப் பேச்சு அம்மாவை அரித்தது.

தன் ஈரலில் ஒரு துண்டை வெட்டிக்கொடுக்க அவள் முதல் நாளே கையெழுத்துப் போட்டாள். ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்கு வயது தாண்டிவிட்டது. மிச்சம் இருந்தது பட்டியல் ஒன்றுதான்.

அவள் தலைமை டாக்டரிடம் போய் நின்றாள். "டாக்டர், என் தம்பி லிஸ்ட்ல இருக்கான். இந்த வேலையை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

"யார்கிட்டம்மா குடுக்கறது? இன்னொரு பொண்ணு பிரசவத்துக்குப் போயிருக்கு. உங்களைவிட நம்பிக்கையான ஆள் எனக்குக் கிடையாது. நீங்களே போடுங்க. நான் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போடறேன்?"

அவர் பார்த்துவிட்டுப் போட்டதே இல்லை. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தம்பியை நான்காவது மாடியில் சேர்த்திருந்தார்கள். கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். "தண்ணி தெளிச்சு விட்டுட்டாங்கன்னு சொல்லுவாங்க. எனக்கு மஞ்சளையே தெளிச்சு விட்டுட்டாங்கக்கா" என்று சிரிப்பான். புள்ளி ஏறிய அன்று, "பள்ளிக்கூடத்துல ஏறாத மார்க்கு இங்க ஏறுது பாரு" என்றான். அவளும் சிரித்துவிட்டுப் படிக்கட்டில் நின்று அழுதாள்.

ஒரு காலை, அம்மா ஜெபம் முடித்து எழுந்து நேராக அவளிடம் வந்தாள். முழங்காலில் பாயின் தடம் இன்னும் பதிந்திருந்தது.

"ஒண்ணு யோசிச்சுப் பாரு. எத்தனையோ ஆஸ்பத்திரி, எத்தனையோ நாற்காலி. ஆண்டவர் உன்னை ஏன் அந்த நாற்காலில கொண்டுபோய் உட்கார வெச்சார்? பதினாறு வருஷத்துக்கு முன்னாடியே இதுக்காகத்தான் வெச்சிருக்கார்."

"அம்மா, அது பொய்ம்மா."

"எது பொய்? எம் புள்ள உசிரு பொய்யா?"

அம்மா கெஞ்சியிருந்தால், திட்டியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். சிறுவயதில் அவளுக்கு ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்த அதே வாயால் சொன்னதுதான் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருவேளை அப்படித்தானோ என்று அன்றைக்கு பஸ்ஸில் முழுக்க யோசித்தாள்.

அடுத்த புதன்கிழமை பதினொரு மணிக்குத் தகவல் வந்தது. வேறொரு மருத்துவமனையில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். தம்பியின் ரத்த வகை. இரண்டு மணிக்குள், அன்றைய பரிசோதனை எண்களோடு பட்டியல் போயாக வேண்டும்.

செய்தி எப்படியோ நான்காவது மாடிக்கும் போய்விட்டது. அவள் மேலே போனபோது தம்பி எழுந்து உட்கார்ந்திருந்தான். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

"எனக்கு முன்னாடி எத்தனை பேருக்கா?"

"அதைச் சொல்லக் கூடாதுடா."

"ஒருத்தர்தான். உன் மூஞ்சியே சொல்லுது." அவன் போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "நான் ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?"

அவள் அவன் கையை நூலிலிருந்து விலக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஒரு நம்பர்தானேக்கா. ஒண்ணே ஒண்ணு." அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை. "எனக்குச் சாகப் பயமா இருக்குக்கா."

அவன் தலையை ஒரு தரம் மார்போடு அணைத்துவிட்டு அவள் கீழே வந்தாள்.

மேசைமேல் இரண்டு சீட்டுகளும் வந்திருந்தன. முதலில் இருந்தது முப்பத்தெட்டு வயதுப் பெண். அவளைப்பற்றிப் பட்டியலில் அவ்வளவுதான் இருந்தது. புள்ளி முப்பத்திரண்டு. தம்பிக்கு இருபத்தொன்பது. அவன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று சொல்கிற எண் 1.4. அதையே 2.4 என்று ஏற்றினால் போதும்.

அவள் ஏற்றினாள். இதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. விரல் போய் இரண்டைத் தட்டியது. திரை ஒரு கணம் வெள்ளையாகி மீண்டபோது, தம்பியின் பெயர் முதலாவதாக இருந்தது. முப்பத்துநான்கு. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்குவதைப் பார்க்கிற தாய் மாதிரி இருந்தது அவளுக்கு.

கண்ணை மூடி, விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவந்த ஜெபத்தைச் சொன்னாள். 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்ற வரிக்கு வந்ததும் நாக்கு எழவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. எந்தக் குரலும் கேட்கவில்லை. லிஃப்டு ஏறுகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம், அவ்வளவுதான்.

தம்பி பிழைத்து வீட்டுக்கு வருவதை நினைத்துப் பார்த்தாள். மறுபடி அவன் தரையில் மண்டியிட்டு ஓடு பதிப்பான். கல்யாணம் நடக்கும். எல்லாருக்கும் நன்றி சொல்லலாம். டாக்டருக்கு, நர்ஸுக்கு, ரத்தம் கொடுத்தவர்களுக்கு. இயேசுவிடம் என்ன சொல்வது? வாழ்நாளெல்லாம் அவள் அவரிடம் கொண்டுபோகாத விஷயமே கிடையாது. தொலைந்த குடையைக்கூடச் சொல்லியிருக்கிறாள். தம்பியின் உயிரை மட்டும் அவர் கண்ணில் படாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சாகும்வரை. அந்த முப்பத்தெட்டு வயதுக்காரியையும் அவர் இதேபோலத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"முடியாது ஆண்டவரே" என்றாள். எது முடியாது என்று அவளுக்கே விளங்கவில்லை. இரண்டை அழித்து ஒன்றைப் போட்டாள். பெயர் கீழே இறங்கியது. காகிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். தலைமை டாக்டர் போனில் பேசிக்கொண்டே, பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

மேலே போய் அவள் எதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம். பொய் வேண்டாம் என்று கீழே முடிவு செய்தவளுக்கு மேலே ஒரு பொய்யை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

"போட்டியா?" என்றான் தம்பி.

"போட்டேன்டா. அப்புறம் அழிச்சிட்டேன்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தலைமாட்டில் இருந்த அம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"அழிச்சியா?" என்றாள். குரல் எழும்பவே இல்லை. "அவனைத் தூக்கி வளர்த்த கையாலயே அழிச்சியா? உன்னை நல்லவள்னு ஊரு சொல்லணும், அதுக்கு எம் புள்ளதான் கெடைச்சானா?"

"ஊருக்கு யாரும்மா சொல்லப்போறா?"

"என் கண்ணு முன்னாடி நிக்காத. போ."

அவள் போகவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அதற்குப் பிறகு பதினோரு நாளும் அவளுக்கு அந்தக் கால்மாடுதான் இடம். அம்மா தலைமாட்டில், அவள் கால்மாட்டில், நடுவே அவன்.

அந்தப் பதினோரு நாளில் இன்னோர் ஈரல் வரும் என்று அவள் உறுதியாக நம்பினாள். கீழ்ப்படிந்தவளை ஆண்டவர் கைவிட்டுவிடுவாரா என்ன? ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் இதோ வந்துவிட்டது என்று எழுந்தாள். வரவே இல்லை. தம்பியின் சிறுநீரகமும் படுத்துவிட்டது. அந்த எண் இரண்டையும் தாண்டி மூன்றுக்குப் போனது. பட்டியலில் அவன் முதலில் வந்து நின்றான். கொடுக்கத்தான் யாரும் இல்லை.

ஐந்தாம் நாள் அவன் வாய்திறந்தான். அம்மா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த லேடி எப்படி இருக்காங்க?"

சொல்லக் கூடாதுதான். "எழுந்து நடக்கிறாங்கடா."

"ம்." போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். "பிள்ளைங்க இருக்கா?"

"தெரியல."

"எனக்குக் கோவம் போகலக்கா. போற மாதிரியும் தெரியல." மூச்சு வாங்கிக்கொண்டான். "நீ எங்கயும் போயிடாத."

"போகலடா. இங்கதான் இருக்கேன்."

பிறகு அவனுக்கு நினைவு குழம்பத் தொடங்கியது. ஓடு கோணலாக இருக்கிறது, எடு எடு என்று போர்வையைப் பெயர்ப்பான். பதினோராம் நாள் காலை, ஜன்னலில் வெயில் ஏறுகிற நேரத்தில், அவள் கைக்குள் இருந்த அவன் பாதம் கனத்தது. அவனுக்கு இருபத்தொன்பது வயது. அம்மா அலறியது மூன்றாவது மாடிவரை கேட்டதாகச் சொன்னார்கள்.

கல்லறையில் எல்லாரும் கலைந்த பிறகு அவள் நின்றாள். ஆண்டவரே, உம் நண்பன் செத்தபோது அழுதவர் நீர்; அழுதுவிட்டு அவனை எழுப்பினீர்; எனக்கு அழுகையை மட்டும் கொடுத்தீரே என்று சத்தமாகவே கேட்டாள். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

விஷயம் எப்படியோ அவர்கள் ஞாயிறுதோறும் போகிற சபைக்குத் தெரிந்துபோனது. அம்மாவே யாரிடமோ சொல்லி அழுதிருப்பாள். போதகர் வீட்டுக்கு வந்தார், நல்ல மனிதர்.

"பெரிய சோதனையில ஜெயிச்சிருக்கீங்கம்மா. இந்த ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி எழுந்து இதைச் சாட்சியா சொன்னீங்கன்னா எத்தனையோ பேருக்கு ஆறுதலா இருக்கும்."

"யாருக்கு ஐயா ஆறுதல்?" என்றாள். "முன்வரிசையில எங்கம்மா உட்கார்ந்திருப்பாங்க."

அவர் கையிலிருந்த காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஜெயிச்ச மாதிரி இல்லீங்க ஐயா. மறுபடி அந்த நாள் வந்தா மறுபடியும் அழிக்கத்தான் செய்வேன்னு நினைக்கிறேன். ஆனா ஜெயிச்ச மாதிரி இல்ல."

போதகர் ஜெபிக்க வாயெடுத்தார். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டார். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் செய்ததிலேயே அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பட்டியலில் தம்பி பெயர் அப்படியே இருந்தது. அவள் இல்லாமல் யாரும் அதைத் தொடவில்லை. நீக்குவதற்குக் காரணம் கேட்டது கணினி. குணமடைந்தார், விலகிக்கொண்டார், இறந்தார் என்று மூன்றே மூன்று. மூன்றாவதைத் தொட்டாள். 'உறுதியாகவா?' என்று கேட்டது. எல்லாருக்கும் கேட்கிற கேள்விதான். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, ஆம் என்று தொட்டாள்.

அம்மா அதே வீட்டில்தான் இருந்தாள். பேச்சு மட்டும் இல்லை. அவள் சமைத்து வைப்பாள், அம்மா எடுத்துப் போட்டுச் சாப்பிடுவாள். சபைக்குத் தனித்தனியாகப் போய்த் தனித்தனியாகத் திரும்புவார்கள். அம்மா மனம் இளகினாள் என்று சொல்லிக் கதையை முடிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. மூன்றாம் மாதம் ஊரிலிருந்து மாமா வந்து, "உங்கம்மா கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும்" என்றார். கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை பஸ் நிலையத்துக்கு அவள்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். அப்போதுதான் திரும்பினாள்.

"தனியா இருக்கறவ, கதவை உள்பக்கம் நல்லாத் தாழ் போட்டுக்க."

"சரிம்மா" என்றாள் அவள். வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இரண்டடி கூடவே ஓடினாள். பஸ் திரும்பிவிட்டது. மணி எட்டரை. பட்டியலில் காத்திருப்பவர்களின் சீட்டுகள் ஒன்பது மணிக்கு மேசைக்கு வந்துவிடும். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற வண்டியைத் தேடி நடந்தாள்.