பதினெட்டு டிகிரி

டர்பைன் பிளேடு வெந்துபோகாமலிருக்க அதன் வயிற்றுக்குள் காற்றுப் பாதை வைப்பார்கள். பாதையின் சுவரில் சின்னச் சின்ன வரப்புகள் அமைத்தால், காற்று இடறிப் புரண்டு சூட்டை அதிகமாக அள்ளிக்கொண்டு போகும். நான் வைத்த வரப்பு பிளேடின் சூட்டைப் பதினெட்டு டிகிரி குறைத்தது. கட்டுரை வெளியானது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் என் படத்தோடு ஃபிளெக்ஸ்: ‘விண்வெளி வியக்கும் பேராசிரியர் ஜெபக்குமார்’. விண்வெளிக்குத் தகவல் போனதா தெரியாது. பஸ் ஏறும் வேலை இல்லாமலே நான் மூன்று முறை அந்தப் பக்கம் போய்வந்தேன்.

பாராட்டு விழா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையிலேயே செய்துகாட்டச் சொன்னார் கல்லூரித் தாளாளர் உப்பிலி. லேப் டெக்னீஷியன் சமுத்திரம், சோதனைக்கான பிளேடுகளை மினி வேனில் கொண்டுவந்து மாட்டினார். முதலில் வரப்பில்லாதது, பிறகு வரப்புள்ளது. இரண்டு டிகிரிதான் குறைந்தது.

சமுத்திரம் என் காதருகே குனிந்தார். “சார், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவியளுக்குன்னு வாடகைக்கு ஃபேன் எடுத்தோம்லா? நீங்க வரப்பு வச்சத ஓட்டுன அன்னைக்கு, ஒங்களுக்கு வேர்க்குதேன்னு நான்தான் அத ஒங்க பக்கம் திருப்பி வச்சேன். பிளேடு மேலயும் அடிச்சிருக்கு.”

ஆக, பதினாறு டிகிரி வாடகை ஃபேனுடையது.

“என்ன சமுத்திரம், வேன்ல போட்டு உருட்டிட்டீரா?” என்றார் உப்பிலி.

சமுத்திரம் என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பார்த்து, “வழியில் ஏற்பட்ட சேதம்” என்றேன். கைதட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள்.

மறுநாள் சமுத்திரத்துக்கு மெமோ. டெக்னீஷியன்கள் கொடுக்கவேண்டிய விளக்கக் கடிதத்தைத் துறைத் தலைவரே, அதாவது நானே, ஆங்கிலத்தில் எழுதிக்கொடுப்பது எங்கள் கல்லூரி வழக்கம். சமுத்திரம் வெள்ளைத்தாளோடு வந்து நின்றார்.

“இருபது வருச சர்வீஸ் சார். வேலை போயிராம செத்த பணிவா எழுதுங்க. மன்னிப்புன்னு ரெண்டு தடவ போட்டாலும் சரி.”

“செய்யாதத ஒத்துக்கிடுவீரா?”

“நீங்க மேடையில சொல்லியாச்சே. நான் மறுத்தா ஒங்களுக்குல்லா அசிங்கம்.”

என் மானத்தை அவர் என்னைவிடப் பத்திரமாக வைத்திருந்தார்.

எழுதினேன். மூன்றே வரி. அவ்வளவு சுருக்கமாக நான் எதையும் எழுதியதில்லை.

“என்ன சார் எழுதியிருக்கீய?”

“வரப்பு கொறச்சது ரெண்டு டிகிரி, மிச்சம் ஃபேன் காத்து. மேடையில சொன்னது பொய். கட்டுரையத் திரும்ப வாங்கிக்கிடுதேன்.”

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல நான் எங்கன கையெழுத்துப் போட?”

“நீரு போட வேண்டாம்.”

உட்காரச் சொன்னேன். நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை. நானும் தலையை நிமிர்த்தவில்லை.