லிபோவென் பாலத்து மட்டம்

நில அளவைப் படிப்பின் மேல் விலியானாவுக்குக் காதல் ஒன்றும் இருந்ததில்லை. கட்டடக்கலைக்கு மதிப்பெண் போதவில்லை. தலைநகர் சோஃபியாவில் அதே வளாகத்தில் பக்கத்துத் துறையில் இடம் இருந்தது, சேர்ந்துவிட்டாள். சேர்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது: அங்கே படித்தவர்கள் எவரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. சீனியர்களில் ஒருவன் மெட்ரோ சுரங்கம் தோண்டும் இயந்திரத்துக்கு வழி காட்டிக்கொண்டிருந்தான். ஒருத்தி நார்வேக்காரர்களின் கப்பலில் கடலடியை அளந்துகொண்டிருந்தாள். எதுவும் வாய்க்காதவர்கள் நிலப்பதிவு அலுவலகத்தில் அண்ணன் தம்பி வேலிச் சண்டைக்கு நடுவே நாடா பிடித்தார்கள்.

விலியானா ஆசைப்பட்டது அணைக்கட்டு வேலைக்கு. மலை அணைகள் வருடத்துக்கு மயிரிழை அசைகின்றனவா என்று பார்க்கிற சிறிய குழு அது. அதன் தலைவியே அவர்களுடைய பேராசிரியை மிலேவா. கோடைப் பயிற்சியில் நல்ல அளவு கொடுக்கும் மாணவர்களில் ஒருவரை அந்தக் குழுவுக்கு எடுத்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார்.

அந்த வருடப் பயிற்சி லிபோவென் கிராமத்தில் நடந்தது. மூன்று அணிகளுக்கும் ஒரே வேலைதான். தேவாலயச் சுவரில் பதித்த பழைய மட்டக்குறியிலிருந்து தொடங்கி, ஊரைக் கடந்து, ஆற்றுப்பாலத்தின் கரையோரத் தூணில் இருக்கிற இன்னொரு குறி வரை உயரத்தை அளந்துகொண்டு போகவேண்டும். இரண்டு குறிகளின் உயரமும் அரசாங்கப் பட்டியலில் இருக்கிறது. அளந்தது பட்டியலோடு ஒத்துப்போனால் வேலை சரி.

வெள்ளிக்கிழமை பகல் வெயிலில் விலியானா கருவியைப் பார்த்தாள், அவள் அணித்தோழன் அசென் அளவுக்கோலைப் பிடித்தான். பாலத்தை அடைந்து கூட்டிப் பார்த்தால் மூன்று சென்டிமீட்டர் உதைத்தது. மில்லிமீட்டருக்கே முகம் சுளிக்கும் துறையில் மூன்று சென்டிமீட்டர்!

"எங்கயோ தப்பாப் படிச்சிட்டேன் போல" என்றாள்.

"நாளைக்கு இன்னொரு தடவை போட்டுடலாம்."

"நாளைக்கா? அந்த ரெண்டு டீமும் இன்னும் சர்ச் வாசலையே தாண்டலடா. இன்னிக்கே குடுத்தா நாமதான் முதல்."

"குடுக்க என்ன இருக்கு? கணக்கு சேரலையே."

"சேத்துக்கலாம்."

அசென் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நம்பரைச் சமைக்கப் போறியா?"

"இங்க ஒரு மில்லி, அங்க ரெண்டு மில்லி. யாருக்கு நஷ்டம்? பயிற்சிதானேடா."

"உன் கை, உன் கரண்டி" என்று சொல்லிவிட்டு அவன் ஆற்றில் குளிக்கப் போய்விட்டான். தடுக்கவும் இல்லை, கூட நிற்கவும் இல்லை.

காபிக்கடை மேசையில் உட்கார்ந்து, ஐரான் மோர் குடித்துக்கொண்டே, வழி நெடுக எண்களைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்தாள். எல்லாம் கச்சிதமாக ஒத்துப்போனால் சந்தேகம் வரும் என்று இரண்டு மில்லிமீட்டர் பிசகை வேண்டுமென்றே விட்டுவைத்தாள். தன் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது. மிலேவா தாளைப் பார்த்துத் தலையசைத்தார். "சுத்தமான கை உனக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை லேசில் வராது.

மறுநாள் மதியம் ஊர்த்தலைவர் ஸ்தோயில் தன் வீட்டு முற்றத்தில் எல்லோருக்கும் விருந்து வைத்தார். சீஸ் துருவிய தக்காளி சாலட்டும், சூடான பனித்சா அடையும், அவரே காய்ச்சிய ராக்கியாச் சாராயமும். இரண்டாவது கோப்பைக்குப் பிறகு அவர் மிலேவாவிடம் குனிந்தார்.

"ப்ரொபசரம்மா, ஒண்ணு கேக்கணும். வசந்தத்துல வெள்ளம் வந்து போனதுலேர்ந்து பாலத்து மேல வண்டி ஏறுறப்போ ஒரு தூக்கு தூக்கிப் போடுது. அக்கரையில கோதுமை முத்தி நிக்குது. நாளைக்கு மெதோதி அறுவடை மெஷின ஓட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போவணும். அது யானை கனம். போலாமா?"

மிலேவா மேசையின் அடுத்த முனையில் இருந்த விலியானாவைப் பார்த்தார். "என் பொண்ணு நேத்துதான் அளந்தா. தூண் அசையல, ரெண்டு மில்லிதான் வித்தியாசம். அப்படித்தானே விலியானா?"

விலியானாவின் வாயில் பனித்சா இருந்தது. அந்த நொடியில்தான் மூன்று சென்டிமீட்டர் எங்கே போனது என்று அவளுக்கு உறைத்தது. தப்பு தன் கண்ணில் இல்லை. தூணே இறங்கியிருக்கிறது. எதிரே அசென் தட்டை விட்டுத் தலையை எடுக்கவில்லை. இருபது பேர் அவளையே பார்த்தார்கள். அவள் மென்று விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"அப்போ வாழ்க நம்ம பொறியாளர் பொண்ணு!" என்று ஸ்தோயில் கோப்பையை உயர்த்தினார்.

அன்று மாலையே போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை மிலேவாவின் அறைவாசல் வரை போனாள். என்னவென்று தொடங்குவது? ஒருவேளை உண்மையிலேயே தான் தப்பாகப் படித்திருந்தால்? அந்த 'ஒருவேளை'யைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து படுத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை மெதோதி மெஷினைப் பாலத்தில் ஏற்றினான். முன்சக்கரம் தூணருகே வந்ததும் அடியில் அரித்துப்போன கரை பொலபொலவென்று சரிந்தது. மெஷின் ஒருபக்கமாகச் சாய்ந்து கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. ஆற்றுக்குள் விழாதது அவன் செய்த புண்ணியம். தோள்பட்டையும் விலா எலும்புகளும் முறிந்தவனைக் கதவை உடைத்து வெளியே எடுத்தார்கள்.

ஊரே கரையில் கூடிவிட்டது. "குழாயில ஒத்தக் கண்ண வச்சுப் பார்த்தீங்களே, கண்ணு முன்னால இருந்த பாலம் தெரியலையா?" என்று ஒரு கிழவர் மிலேவாவின் முகத்துக்கு நேரே கத்தினார். ஸ்தோயில் தரையில் காறித் துப்பினார்.

மிலேவா அத்தனையையும் வாங்கிக்கொண்டார். "நான்தான் சொன்னேன். நானே அளக்காம சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது" என்றார். கூட்டத்தில் நின்ற விலியானாவுக்கு, அவர் தன்னைச் சுட்டிக்காட்டி அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது என்று தோன்றியது.

அப்போதுதான் மற்ற இரண்டு அணிகளும் மெல்ல வாய் திறந்தன. அவர்களுக்கும் முந்தின நாள் அதே மூன்று சென்டிமீட்டர் உதைத்திருக்கிறது. வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, திங்கட்கிழமை மறுபடி அளக்கலாம் என்று மறைத்து வைத்திருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் விலியானா மிலேவாவிடம் போனாள். "மேடம், அந்த அளவு…"

"தெரியும்."

"நான்…"

"ரெண்டு டீமுக்கு மூணு சென்டி வருது, உனக்கு மட்டும் ரெண்டு மில்லி. இதுக்கு மேல நீ என்ன சொல்லணும்?" குரல் உயரவில்லை. "வெள்ளிக்கிழமை நீ செஞ்சது கழுதைத்தனம். அதை எல்லா பேட்ச்லயும் ஒருத்தர் செய்வாங்க. ஆனா நேத்து நான் கேட்டேன் பாரு, அப்போ தலையாட்டுன. அதுக்கு எனக்குப் பேரு தெரியல."

"ஊர்க்காரங்ககிட்ட நான் சொல்லிடுறேன்."

"சொல்லு. ஆனா என் பேர காப்பாத்துறேன்னு நெனச்சு சொல்லாத. அது போனது போனதுதான்."

ஸ்தோயிலிடம் சொன்னாள். அவர் கதவை அவள் முகத்தில் சாத்தவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "எங்க வீட்டுலதான் சாப்பிட்ட" என்று மட்டும் சொன்னார். மறுநாள் மாவட்ட மருத்துவமனைக்குப் போனாள். கட்டுகளோடு கிடந்த மெதோதி அவள் திக்கித் திணறிச் சொன்னதையெல்லாம் கேட்டான்.

"எவ்வளவு இறங்கியிருந்துச்சு?"

"மூணு சென்டிமீட்டர்."

"அவ்வளவுதானா?" சிரிக்கப் போய், விலா வலித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி எழுந்து, விலியானா கொண்டுவந்த பீச் பழப் பையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "சொல்லிட்டீல்ல, உனக்குப் பாரம் இறங்கியிருக்கும். போயிட்டு வாம்மா. அவர் தூங்கணும்."

பாரம் இறங்கவில்லை. பேருந்து நிலையத்தில் அந்தப் பையைத் தூக்கி எறியவும் முடியாமல், தின்னவும் முடியாமல், யாருக்கும் கொடுக்கவும் கூசி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பயிற்சியில் அவளைத் தேர்ச்சியில்லை என்று போட்டார்கள். அடுத்த கோடையில் வேறொரு ஊரில், தன்னைவிடச் சின்னவர்களோடு மறுபடி செய்தாள். அணைக்கட்டுக் குழுவுக்கு அசென் போனான். அவன் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பற்றி மிலேவா கேட்டாரா, அவன் என்ன சொன்னான் என்பது அவளுக்குத் தெரியாது. இருவரும் பிறகு பேசிக்கொள்ளவில்லை.

இப்போது விலியானா ஒரு சிற்றூரின் நிலப்பதிவு அலுவலகத்தில் இருக்கிறாள். வேலியோரச் சண்டைகளுக்கு நடுவே ஒவ்வொரு எல்லையையும் இரண்டு தரம் அளக்கிறாள். 'அந்தப் பொண்ணு சொன்னா சரியா இருக்கும்' என்று அங்கே அவளுக்கு நல்ல பெயர். அதைக் கேட்கும்போதெல்லாம் வேறு எங்காவது பார்த்துக்கொள்வாள்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, சான்றிதழில் இருந்த வருடத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க ஒரு வருஷம் லேட்டா முடிச்சிருக்கீங்களே, ஏன்?" என்று வெள்ளந்தியாகக் கேட்டாள்.

"அப்போ உடம்பு சரியில்லாம இருந்துச்சு" என்றாள் விலியானா.