ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு விசாரணை

தையற்கடைக்காரி கணவரின் போனைக் கையில் எடுத்தது மணி பார்க்கத்தான். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவாள். தலைக்கு நேர் மேலே சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததே என்று கேட்டால், அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். அதை விடுங்கள். சமையலறை அலமாரியில் சார்ஜில் கிடந்த அந்தப் போன் சரியாக அவள் எடுத்த நேரத்தில் ஒரு குலுங்கு குலுங்கி, இப்படி ஒரு செய்தியைக் காட்டியது:

"தோழர் ஸ்பேனர் மீது மூன்று குற்றச்சாட்டுகள். விசாரணை ஞாயிறு மாலை நாலு மணி. அனைவரும் கட்டாயம் வரவும். இந்த முறை அவர் தப்ப முடியாது."

அதற்குக் கீழே வரிசையாக ஒன்பது முஷ்டிகள்.

ஸ்பேனர் யார் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தோரு வருஷம் லிப்ட் ரிப்பேர் பார்த்த அவள் வீட்டுக்காரர்தான். எட்டு மாதத்துக்கு முன் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. முதல் ஐந்து மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போனில் எங்கேயோ கம்யூனிஸ்டுக் குழு ஒன்றில் சேர்ந்தார். ஞாயிறு நாலு மணியானால் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளேயிருந்து 'தீர்மானம்', 'எதிர்க்கிறேன்', 'வாபஸ் வாங்குங்க' என்றெல்லாம் சத்தம் வரும். வெளியே வரும்போது முகம் தெளிவாக இருக்கும். சரி, சுவரைப் பார்ப்பதற்கு இது தேவலை என்று அவளும் சும்மா இருந்தாள்.

இப்போது சும்மா இருக்க முடியவில்லை. நேராகக் கேட்கலாம்தான். கேட்டால் போனை எடுத்துப் பார்த்தது வெளியே வந்துவிடுமே! சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"ஏங்க, நாளைக்கு சாயந்திரம் எங்கயாவது போறீங்களா?"

"இல்லையே. ஒரு சின்ன விஷயம் இருக்கு."

"என்ன விஷயம்?"

"சொன்னா உனக்குப் புரியாது."

"ஆமா, எனக்கு ஊசியில நூல் கோக்கத்தான் புரியும்."

அவர் தன் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார். தானாக! கல்யாணம் ஆன நாளிலிருந்து இஸ்திரிப் பெட்டியின் எந்தப் பக்கம் சூடு என்றுகூடத் தெரியாத மனுஷர்.

தம்பியைப் போனில் கூப்பிட்டு அந்தச் செய்தியைச் சொன்னாள். அவன் ஓர் அலுவலகக் கட்டடத்தில் காவலாளி. நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பவன் என்பதால் உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது.

"அக்கா, உனக்கு விஷயமே தெரியல. இவங்களுக்கெல்லாம் சொந்தப் பேரே கிடையாது, கவனிச்சியா? எல்லாம் ரகசியப் பேரு. விசாரணைன்னு ஒருத்தரைக் கூப்பிட்டாங்கன்னா அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா எவ்வளவுடா?"

"அது அந்த வீடியோவுல வரல. ரெண்டாம் பாகத்துல சொல்றேன்னுட்டான்."

"அடப்பாவி! போன வருஷம்தான்டா அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்க. இந்த ஆளைப் போய் மிரட்டினா தாங்குவாரா?"

"நான் வரேன்க்கா. ஆள் யாராவது வாசல்ல வந்தா நான் பாத்துக்கறேன்."

ஞாயிறு மூன்றரைக்கே வந்துவிட்டான். வந்தவன் வீடு முழுக்கத் தேடி, கடைசியில் ஒட்டடைக் கொம்பைக் கையில் எடுத்துக்கொண்டான். அக்கா வீட்டுக்காரர் அவனைப் பார்த்து, "என்ன மாப்ளே, திடீர்னு ஒட்டடை அடிக்க வந்துட்டே?" என்று கேட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா கூடத்தில் ஒரு ஜாக்கெட் துணியை விரித்துப்போட்டு வெட்டுவதுபோல உட்கார்ந்தாள். காது மட்டும் கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வாசலில் ஒருவரும் வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், கணீரென்று கேட்டது.

"தோழர் ஸ்பேனர், குற்றச்சாட்டெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியும். ஒத்துக்கறீங்களா?"

பிறகு அவர் குரல், கம்மிப்போய்: "ஒத்துக்கறேன். மூணையும்."

அதற்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

"அவரை ஒண்ணும் பண்ணாதீங்க! என்ன தப்புப் பண்ணியிருந்தாலும் என்கிட்டச் சொல்லுங்க, நான் பதில் சொல்றேன்!"

திரையில் ஒன்பது கட்டங்கள், ஒன்பது முகங்கள். அத்தனையும் வாய் பிளந்து அவளையே பார்த்தன. ஒருவர் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே மூக்கருகே நிறுத்திவிட்டார்.

"தோழர்களே, இது... எங்க வீட்டுக்காரம்மா" என்றார் அவர்.

கணீர்க்குரல் அம்மாள்தான் முதலில் தேறினார். நரைத்த தலை, பின்னால் அலமாரி நிறைய மருந்துப் புட்டிகள். "வணக்கம்மா. அந்தக் கத்தரிக்கோலை மட்டும் கொஞ்சம் கீழ வச்சீங்கன்னா நாங்க எல்லாரும் மூச்சு விட்டுக்குவோம்."

அப்போதுதான் பார்த்தாள். துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல் அவள் கையில் திறந்தபடியே இருந்தது.

"பின்னாடி இன்னொருத்தர் கம்போட நிக்கறாரு" என்று இன்னொரு கட்டத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண் நடுங்கிய குரலில் சொன்னாள்.

"அது என் தம்பி. அவன் ஒண்ணும் பண்ணமாட்டான். முதல்ல என்ன குற்றம்னு சொல்லுங்க."

அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "ஒண்ணு. வாசிப்பு வட்டத்துல நாலாவது அத்தியாயத்தைப் படிக்காமலேயே, படிச்ச மாதிரி ஒன்றரை மணி நேரம் தலையாட்டினது. ரெண்டு. குழுவுல தினமும் காலை வணக்கம்னு ரோஜாப்பூப் படம் போடறது. வேண்டாம்னு ரெண்டு தடவை தீர்மானம் போட்டாச்சு. தீர்மானம் போட்ட மறுநாளும் போட்டாரு."

"அது தாமரை" என்றார் அவர் மெதுவாக.

தையற்கடைக்காரி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நேற்றிலிருந்து அடக்கிவைத்த பயம் சிரிப்பாகவும் அழுகையாகவும் மாறி மாறி வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுக்கா விசாரணை? தப்ப முடியாதுன்னு எழுதியிருந்துச்சே?"

"போன ரெண்டு மாசமும் முறை வந்தப்ப நெட் இல்லைன்னுட்டு ஓடிட்டாரும்மா" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்தவர். அவர் பஸ் டிரைவராம். "இங்க மாசம் ஒருத்தர் மாட்டுவோம். போன மாசம் அவருக்குப் பதிலா நான். கூட்டத்துல பேசறேன் பேர்வழின்னு மத்தவங்களைப் பேச விடறதில்லைன்னு சொன்னாங்க. அதைப் பத்தி நான் விளக்கமா..."

"தோழர், உட்காருங்க" என்றன நாலு குரல்கள்.

"அப்ப அந்த ரகசியப் பேரெல்லாம்?" என்று கேட்டான் தம்பி, கொம்பைச் சுவரில் சாய்த்துக்கொண்டே.

"எங்கள்ல நாலு பேருக்கு ஒரே பேரு. யாரைத் திட்டறோம்னே தெரியல. அதான்" என்றார் அம்மாள்.

தம்பி ஏமாந்துபோனது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"மூணாவது என்ன?" என்றாள் அவள்.

அம்மாள் சிரித்தார். "கடைசிக் குற்றச்சாட்டை அவங்கவங்களே தங்கள் மேல வைக்கணும். அதுதான் இங்க வழக்கம். தோழர், நீங்களே வாசிங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தார். மனைவியின் பக்கம் திரும்பவில்லை. தாளைப் பார்த்தே படித்தார்.

"உழைப்புக்கு மதிப்பு வேணும்னு மூணு மாசமா இங்க பேசிட்டிருக்கேன். வேலை போய் எட்டு மாசம் ஆகுது. எங்க வீட்டுல காலையில ஆறு மணிக்கு எழுந்து சமைக்கறது, கடைக்குப் போய்த் தைக்கறது, திரும்பி வந்து பாத்திரம் கழுவறது எல்லாம் ஒரே ஆள். அந்த நேரத்துல நான் உழைப்பைப் பத்திப் படிச்சிட்டிருந்தேன். நேத்து முதல் தடவையா என் சட்டையை நானே தேய்ச்சேன். கையைச் சுட்டுக்கிட்டேன். அவகிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு."

கட்டைவிரல் ஓரம் ஒரு சிவந்த தடிப்பு இருந்தது. அவள் அந்தக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "அதுக்கு மருந்து போட்டா என்னவாம்?" என்றாள்.

"சாட்சியே நேர்ல வந்திருக்காங்க. ரெண்டு வார்த்தை பேசட்டுமே" என்றாள் கல்லூரிப் பெண்.

உறுப்பினர் அல்லாதவர் பேசலாமா என்று விவாதம் தொடங்கியது. பஸ் டிரைவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அந்தத் திருத்தத்துக்கு இன்னொருவர் திருத்தம் கொண்டுவந்தார். கால் மணி நேரம் கழித்து, எல்லாரும் கை தூக்கி, அவள் இரண்டு நிமிஷம் பேசலாம் என்று முடிவாயிற்று.

"ரெண்டு நிமிஷமா? முப்பத்திரண்டு வருஷத்துக்கா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சரி, கேளுங்க. கல்யாணம் ஆகி மூணாம் நாள், தண்ணி கொண்டா தண்ணி கொண்டான்னு கூப்பிடறாரு. எங்க இருந்து? தண்ணிக் குடத்துக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு!"

திரையில் ஒன்பது பேரும் சிரித்தார்கள். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. இரண்டு நிமிஷம் முடிந்து மணி அடித்தபோது அவள் இரண்டாம் வருஷத்துக்குத்தான் வந்திருந்தாள்.

"சாட்சிக்கு மேலும் நேரம் ஒதுக்கலாம்னு நினைக்கறவங்க கை தூக்குங்க" என்றார் அம்மாள்.

ஒன்பது கைகள் எழுந்தன. உரிமை இல்லாத பத்தாவது கை ஒன்றும் பின்னாலிருந்து எழுந்தது, தம்பியுடையது.

"எதிர்ப்பு?"

தோழர் ஸ்பேனர் ஒருவர் மட்டும், சூடுபட்ட விரலோடு, கையைத் தூக்கினார்.