பாறையா, ஆளா?

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் காலையே விடாமல் ஆழத்தில் வேலை பார்க்கிறவள். ஓசூர் சிப்காட்டில் ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்து, கர்நாடகத்தில் ஒரு சுரங்கத்தின் அடியில் கல் அள்ளும் லோடரை ஓட்டுகிறேன். ஊரில் அம்மாவிடம் சொன்னால், "அப்ப நெசமாவே வேலைக்குப் போறியா இல்லையாடி?" என்று கேட்கிறாள்.

அறையில் நான் மட்டும்தான். வாடகை வீட்டுக்குப் போனால் பூட்டுதான் வரவேற்கும். அக்கம்பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள். எனக்கு இரண்டும் வராது, வந்தாலும் அவர்களும் ஷிஃப்ட்டில்தான் இருப்பார்கள். நாள் முழுக்க ரேடியோவில் என்னோடு பேசும் ஒரே மனுஷன் சென்றாயன் அண்ணன். பூமிக்கு அடியில், லோடர் பக்கத்தில் இருப்பார். கேமராக் கண்ணில் படியும் தூசியைத் துடைக்க ஓர் ஆள் வேண்டுமே. ராயக்கோட்டைக்காரர். நேரில் பார்த்ததில்லை.

உள்ளே நுழைந்ததும் கடப்பாரையால் கூரைப் பாறையைத் தட்டுவார். கணீரென்று கேட்டால் நல்ல பாறை, பொத்தென்று கேட்டால் ஆபத்து. பாறையின் அதிர்வைக் கேட்கும் சென்சார்கள் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. கடைசியில் கூடுதலாக இரண்டு தட்டு தட்டி, "இது உனக்கும்மா பொற்கொடி. சாப்ட்டியா?" என்பார்.

சென்சாருக்கு வணக்கமும் தெரியாது, குசலமும் தெரியாது. ஒவ்வொரு தட்டுக்கும் திரையில் சிவப்புப் புள்ளி எரியும். பாறையா, ஆளா என்று கேட்கும். நான் 'ஆள்' என்ற பொத்தானை அழுத்தினால் அடங்கிவிடும். போகப்போகப் பார்க்காமலே அழுத்தினேன்.

அன்று மதியம் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரி கெம்பம்மா களி கிண்டினா அதுக்குன்னு ஒரு ருசிம்மா."

"ஆசை காட்டாதீங்கண்ணே. இங்க கேன்டீன் சாம்பாருக்கும் தண்ணிக்கும் வித்தியாசமே தெரியல."

சிவப்பு எரிந்தது. விரல் தானாக 'ஆள்' மேல் போய்விட்டது. அழுத்தப்போன நேரத்தில்தான் உறைத்தது.

"அண்ணே, இப்ப தட்டுனீங்களா?"

"கை களியில இருக்குது. கடப்பாரை வண்டி மேல கிடக்குது."

மறுபடி சிவப்பு.

"வெளிய ஓடுங்கண்ணே!"

"என்னாம்மா, பாறையே உனக்கு வணக்கம் சொல்லுதா?" என்று சிரித்தார்.

"சிரிச்சீங்கன்னா கொன்னுடுவேன். ஓடுங்க!"

சிரிப்பு நின்றது. அவர் தொப்பி விளக்கின் அடையாளப் புள்ளி திரையில் நகரத் தொடங்கியது. எறும்புகூட அதைவிட வேகமாகப் போகும் போலிருந்தது. கேமரா தூசியில் வெள்ளையாகிப் பிறகு இருண்டது. என் கையிலிருந்த லீவர் செத்துப்போனது. அவர் புள்ளியும் நின்றுவிட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. நான் அழுதேன். கேட்கத்தான் யாருமில்லை.

ரேடியோவில் இருமல் கேட்டது.

"களி போச்சும்மா," என்றார்.

கூரை சரிந்து லோடர் புதைந்தது, ஆள் பிழைத்தார். என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பகுதிக்குள் இனி மனிதர் யாரும் போகக் கூடாது என்று முடிவாயிற்று. நானும் அதைத்தான் எழுதிக் கேட்டிருந்தேன். புது லோடர் தன் கண்ணைத் தானே கழுவிக்கொள்ளும், முன்னைவிட வேகமாகவும் அள்ளும். அண்ணன் ராயக்கோட்டைக்கே போய்த் தக்காளி போடுகிறார். ஒருமுறை ஃபோன் செய்தார். பக்கத்தில் டிராக்டர் சத்தம், பாதி புரியவில்லை. வெயிலில் நிற்கிறார், அது போதும். உண்மையாகவே போதும் என்றுதான் நினைத்தேன்.

இன்று ஷிஃப்ட் தொடங்கியதும் திரையில் சிவப்பு எரிந்தது. பாழாய்ப்போன மனம் ஒரு நொடி துள்ளியது. விரல் பழைய இடத்துக்குப் போனது.

அங்கே பொத்தான் இல்லை. ஆளே போகாத இடத்துக்கு 'ஆள்' எதற்கென்று எடுத்துவிட்டார்கள்.