சிவப்பு வால் கப்பிகள்

"ஈவ்லின், சீக்கிரம் வா! முப்பத்தெட்டு குட்டி. அத்தனையும் ஆண்!"

மொட்டைமாடியில் எலியேசர் போட்ட கூச்சலில், மாவுக் கரண்டியோடு ஓடினாள் ஈவ்லின். நாவலூரில் வேலை போனபின் எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷர், கூடுவாஞ்சேரி வீட்டு மாடியில் கப்பி மீன் வளர்க்க ஆரம்பித்த பிறகுதான் வாய்விட்டுச் சிரித்தார். கப்பியில் ஆணுக்குத்தான் அழகு. வாங்குகிறவர்களும் ஆணைத்தான் கேட்பார்கள். நண்பரிடம் வாங்கிவந்த ஒரே ஒரு சிவப்பு வால் ஆணுக்குப் பிறந்ததெல்லாம் ஆணாகவே இருந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஈவ்லினுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. காட்டாங்குளத்தூர் கல்லூரி ஒன்றில் இருபது வருஷமாக விலங்கியல் ஆய்வகத்தில் இருப்பவள். பாதிக்குப் பாதி பிறப்பதுதானே முறை? குட்டிகளில் ஒன்று வளர்ந்ததும் கொண்டுபோய் அறுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். விந்தணுக்களில் பாதி, வால் சுருண்டு செத்துக் கிடந்தன. பெண்ணைக் கொடுக்கவேண்டிய அணுக்களை, அவை உருவாகும்போதே, ஆணைக் கொடுக்கும் மரபணு தீர்த்துக்கட்டியிருந்தது. கூடப் பிறந்ததைக் கொன்றுவிட்டுத் தான் மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிற திருட்டு ஜென்மம். பிறக்கும் ஒவ்வொரு மகனும் இதையே செய்வான். இனமே அழிந்தாலும் அதற்கென்ன கவலை?

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தாள். எலியேசரோ சபையில் பாடும் பாட்டை முணுமுணுத்தபடி, சிவப்பு வாலின் மகன்களைப் பதினாறு தொட்டிகளுக்கும் பிரித்து விட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும், அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தாள்.

ஒன்றரை வருஷம் ஓடியது. கிழட்டுப் பெட்டைகள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. பதினாறு தொட்டியிலும் சிவப்பு வால்கள் ஒன்றையொன்று கடித்துத் துரத்தின. கடைசிப் பெட்டையும் போன அன்று, ஈவ்லின் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

எலியேசர் வாளியையும் வலையையும் எடுத்தார். "விடு. நம்ம ஏரியில இல்லாத கப்பியா? நாலு பெட்டைய புடிச்சிட்டு வந்து மறுபடி ஆரம்பிச்சா போச்சு."

ஏரிக்கரையில் இருவரும் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். முதல் வலையில் பதினைந்து மீன் வந்தது. எல்லாம் சிவப்பு வால். இடம் மாற்றிப் போட்டார். சிவப்பு வால். மதகுப் பக்கம் போட்டார். அங்கேயும் அதேதான்.

"என்னங்க, இது எப்படி இங்க வந்துச்சு?"

எலியேசர் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொசுப்புழுவ திங்கும்னு நம்ம தெரு சங்கத்துல கேட்டாங்க. மிச்சமிருந்த ஆண் மீனையெல்லாம் இங்க விட்டேன். பக்கத்து நகருக்கெல்லாம் கிணத்துக்குக் குடுத்தேன்."

"எப்போ?"

"மைக்ராஸ்கோப்புல பாக்கணும்னு ஒண்ணை எடுத்துட்டுப் போனியே... அதுக்கு அடுத்த வாரம்."

ஈவ்லின் வாளியைக் கவிழ்த்தாள். சிவப்பு வால்கள் ஏரிக்குள் ஓடின.